ஐந்து மாதம் கழித்து ஒரு பைக் சத்தம் ஏன் தம்பியைத் தவிக்க வைக்கிறது?

உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். 17 வயதுத் தம்பி கஞ்சாவை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. படிப்பு, தூக்கம், சாப்பாடு எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. போன வாரம் தெருவில் பழைய கூட்டாளி ஒருவனின் பைக் சத்தம் கேட்டிருக்கிறது. அவன் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, கடந்து போய்விட்டான். ஆனால் தம்பியின் முகம் மாறிவிட்டது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்து, விடிகாலையில் உங்களிடம் வந்து "அக்கா, மறுபடி வேணும் போல இருக்கு" என்று சொல்லியிருக்கிறான். நீங்கள் எழுத்தில் கேட்டிருப்பது மூன்று: மூளை கெட்டுப்போய்விட்டதா, சம்பந்தப்பட்ட பொருட்களையெல்லாம் தூக்கி எறிந்தால் போதுமா, இது எப்போது முழுசாகப் போகும். இவற்றுக்கு அடியில் நான்காவதாக ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த ஐந்து மாதமும் அவன் நம்மிடம் நடித்தானா? முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் விவரித்திருப்பதில் நடிப்புக்கான அடையாளம் எதுவும் இல்லை. நடிப்பவன் விடிகாலையில் அக்காவைத் தேடி வந்து இதைச் சொல்ல மாட்டான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 14 வருடமாகப் போதைப் பழக்கத்திலிருந்து வெளியே வரும் பதின்வயதுப் பிள்ளைகளோடும் அவர்கள் வீட்டாரோடும் ஆலோசகராக வேலை செய்கிறேன். மருந்து எழுதும் மருத்துவர் இல்லை. மூளை ஆய்வுகளைப் படித்துத் தெரிந்துகொண்டவன், செய்தவன் இல்லை. உங்கள் தம்பியை நேரில் பார்க்கவும் இல்லை. அதனால் கீழே எழுதுவதில் ஆய்வில் உறுதியானது எது, இன்னும் விவாதத்தில் இருப்பது எது, என் அனுபவத்தில் தோன்றுவது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் செல்கள், அதாவது ஆசையோடும் வெகுமதியோடும் தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள், எப்போது துடிக்கின்றன என்று வருடக்கணக்கில் பதிவு செய்தார். குரங்குக்கு எதிர்பாராமல் கொஞ்சம் பழச்சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் துடித்தன. சாறு வருவதற்குச் சற்று முன்னால் ஒரு விளக்கு எரியும்படி சில நாள் பழக்கியதும் நிலைமை மாறியது. விளக்கு எரிந்ததுமே செல்கள் துடித்தன, சாறு வந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், சாறு வந்திருக்க வேண்டிய அதே நொடியில் துடிப்பு வழக்கமான அளவைவிடக் கீழே இறங்கியது. 1997-இல் இதையெல்லாம் தொகுத்து வெளியிட்டார்கள். உங்கள் தம்பிக்கு அந்த விளக்குதான் பைக் சத்தம். எத்தனையோ சாயங்காலங்களில் அந்தச் சத்தம் கேட்டு, அதற்கு அரை மணி நேரம் கழித்து போதை வந்திருக்கும். "இதற்குப் பின்னால் அது வரும்" என்று மூளை எழுதி வைத்துக்கொண்டது. போன வாரம் சத்தம் வந்தது, அது வரவில்லை. சத்தம் கேட்டதும் வரும் துடிப்பும் அதற்குப் பின்னால் வரும் இந்த இறக்கமும் சேர்ந்ததைத்தான் பிள்ளைகள் "உள்ளே இழுக்குது", "ஏதோ ஒண்ணு குறையுது" என்று சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். சாப்பாட்டு விஷயத்திலும் இதே கணக்கு உண்டு. வித்தியாசம் என்னவென்றால், போதைப்பொருள்கள் சாப்பாட்டைவிட நேரடியாக டோபமைனைத் தூண்டுகின்றன. அதனால் அந்தப் பாடம் ரொம்ப ஆழமாகப் பதிகிறது.

இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. டெர்ரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் என்ற இருவர் 1993-இல் முன்வைத்த கருத்து அது: ஒன்று பிடித்திருப்பது வேறு, அது வேண்டும் என்று இழுபடுவது வேறு, மூளையில் இரண்டுக்கும் ஒரே பாதை கிடையாது. பழக்கம் முற்ற முற்ற இன்பம் குறையலாம், இழுப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகலாம். எத்தனையோ பையன்கள் என்னிடம், "சார், கடைசி மாசமெல்லாம் அது நல்லாவே இல்ல, ஆனாலும் போகாம இருக்க முடியல" என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்கும் பெற்றோருக்கு இது பொய்யாகத் தெரியும். பிடிக்கவில்லை என்றால் ஏன் போனாய் என்பார்கள். பையன் உண்மையைத்தான் சொல்கிறான்.

இன்னொன்று, இந்த இழுப்பு யோசித்துப் பார்த்து வருவது இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அன்னா ரோஸ் சைல்ட்ரஸ் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கொக்கெய்ன் பழக்கம் இருந்த ஆண்களுக்கு அது சம்பந்தப்பட்ட படங்களை 33 மில்லிநொடி மட்டும் காட்டி உடனே வேறு படத்தால் மறைத்தார்கள். என்ன பார்த்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. ஆனால் உணர்ச்சியோடும் விருப்பத்தோடும் தொடர்புள்ள பகுதிகள் ஸ்கேனில் விழித்துக்கொண்டன. தம்பியின் முகம் மாறியதை நீங்கள் கவனித்தீர்களே, அந்த நொடியில் தனக்கு என்ன ஆகிறது என்பது அவனுக்கே தெரிந்திருக்காது. "ஏன்டா அதை நினைக்கிற?" என்று கேட்பதில் பயன் இல்லாமல் போவது இதனால்தான். அவன் நினைக்கவில்லை. அது வந்தது.

சரி, பதின்வயதில் இது ஏன் அதிகம்? ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது இது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி, அதாவது நிறுத்தி யோசிக்கவும் பின்விளைவை எடைபோடவும் உதவும் பகுதி, இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆசையையும் வெகுமதியையும் கையாளும் ஆழமான பகுதிகள் அதற்கு முன்பே சுறுசுறுப்பாகிவிடுகின்றன. கூடவே, இந்த வயதில் மூளை எதையும் வேகமாகவும் அழுத்தமாகவும் கற்றுக்கொள்ளும். ஒரு மொழியையோ இசைக்கருவியையோ பெரியவர்களைவிடச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும் அதே திறமைதான் பைக் சத்தத்தையும் போதையையும் முடிச்சுப் போட்டு வைக்கிறது. 2003-இல் சூசன் டேப்பர்ட் குழுவினர், மதுப் பிரச்சினை இருந்த 14 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 15 பேரையும் அப்படி இல்லாத 15 பேரையும் ஸ்கேனில் வைத்து மது விளம்பரப் படங்களைக் காட்டினார்கள். முதல் குழுவினரின் மூளை பல இடங்களில் அதிகம் எதிர்வினை காட்டியது. பின்னாளில் வேறொரு ஆய்வில், ஒரு நாளுக்கு 1 முதல் 5 சிகரெட் மட்டும் பிடிக்கும் பதின்வயதினரிடமும் சிகரெட் படங்களுக்கு இப்படிப்பட்ட எதிர்வினை தென்பட்டது. "கொஞ்சம்தானே பிடித்தான்" என்று நாம் ஆறுதல் அடைவதற்கு முன்பே மூளை பாடத்தைப் படித்துவிடுகிறது என்பதை இது காட்டுகிறது.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. இவை சின்னச் சின்னக் குழுக்களை வைத்துச் செய்த ஆய்வுகள். அந்த வேறுபாடு பழக்கத்தால் வந்ததா, பழக்கத்துக்கு முன்பே இருந்ததா என்பதை ஒரே ஒரு ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாது. "ஆசை மூளை வளர்ந்துவிட்டது, அறிவு மூளை வளரவில்லை" என்று இரண்டே வரியில் சொல்லும் விளக்கம் கேட்கச் சுலபம். ஆய்வாளர்களில் பலர் அது மிகவும் எளிமைப்படுத்தப்பட்டது என்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். 17 வயதுப் பிள்ளை அமைதியான சூழலில் பெரியவர்களுக்குச் சமமாக யோசிப்பான். சூடான நேரத்தில்தான் தடுமாற்றம். அதிலும் நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் இன்னும் அதிகம். மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டில் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பதின்வயதினர் தனியாக ஆடியதைவிட மிக அதிகமாகத் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. உங்கள் தம்பியின் விஷயத்தில் சத்தம், நண்பன் இரண்டும் ஒன்றாக வந்திருக்கின்றன. அவன் அன்று வீட்டுக்குள்ளேயே இருந்தான் என்பது சின்ன விஷயம் இல்லை.

"ஐந்து மாதம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன்?" என்று ஆச்சரியப்பட்டிருக்கிறீர்கள். கஞ்சாவை நிறுத்தியதும் வரும் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை போன்றவை முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். ஐந்தாவது மாதத்தில் வந்தது அது இல்லை. இது நினைவு சம்பந்தப்பட்டது. எலிகளில் ஒரு விசித்திரமான கண்டுபிடிப்பு உண்டு. கொக்கெய்ன் பழகிய எலிகளை அதிலிருந்து பிரித்து வைத்துவிட்டு, பழைய அடையாளங்களை மட்டும் காட்டினால், முதல் நாளைவிட 60-ஆவது நாளில் அவை அதிகமாகத் தேடின. 2001-இல் வெளியானது இது. முட்டை அடைகாப்பது போலத் தவிப்பு உள்ளே வளர்கிறது என்று பேர் வைத்தார்கள். மனிதர்களிலும் சிகரெட், கொக்கெய்ன் விஷயத்தில் இதற்கு ஒத்துப்போகும் சான்றுகள் உண்டு. கஞ்சாவுக்கும் பதின்வயதினருக்கும் அதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று நிறுவப்படவில்லை, ஆகவே அதை உங்கள் தம்பி மேல் ஒட்டி வைக்க மாட்டேன். "நாள் ஆக ஆக நேர்கோட்டில் குறைந்துகொண்டே போகும்" என்ற எதிர்பார்ப்பை மட்டும் விட்டுவிடுங்கள். நான் பார்த்த பிள்ளைகளில் பலருக்கு மூன்றாவது, நான்காவது மாதத்தில், எல்லோரும் நிம்மதியாகிக் கவனத்தைத் தளர்த்திய பிறகுதான் இப்படி ஒரு ராத்திரி வந்திருக்கிறது.

மூளை கெட்டுவிட்டதா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தத் தவிப்பு அதற்கான அறிகுறி இல்லை. நன்றாக வேலை செய்யும் நினைவு, வேண்டாத ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறது. தினமும் கஞ்சா பிடித்த பெரியவர்களிடம், கஞ்சா ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் குறைந்திருந்ததையும், சுமார் நான்கு வாரம் நிறுத்தியதும் அவை பெரும்பாலும் மீண்டதையும் ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சின்ன வயதில் தொடங்கி நிறையப் பிடித்தவர்களுக்குக் கவனத்திலும் ஞாபகத்திலும் நீண்ட காலப் பாதிப்பு எவ்வளவு இருக்கும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் "ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?" என்று உங்களுக்குத் தோன்றலாம், அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். நான் மேலே சொன்ன படங்களெல்லாம் பலரின் சராசரி. ஒரு பையனின் ஸ்கேனைப் பார்த்து இவன் மறுபடி பிடிப்பானா மாட்டானா என்று சொல்லும் அளவுக்கு அந்தத் தொழில்நுட்பம் வரவில்லை.

பொருட்களை அகற்றுவது பற்றி. அகற்றுங்கள். சுருட்டும் தாள், லைட்டர், அந்தப் பழைய டப்பா எதுவும் வீட்டில் இருக்க வேண்டாம். ஆனால் அவனுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள், அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள். சூழல் மாறுவதற்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்குப் பெரிய சான்று வியட்நாம் போர். அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டதாகச் சொன்னார்கள். 1971-இல் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தபோது, அப்படி அடிமையானவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஊரே மாறியது, கூட்டம் மாறியது, பழைய அடையாளங்கள் எதுவும் கண்ணில் படவில்லை. அதன் பலனுக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இது முக்கியமான ஒன்று. உங்கள் தம்பிக்கு அப்படி நாடு மாறும் வாய்ப்பு இல்லை. அவன் பழகிய அதே அறையில், அதே தெருவில், அதே செல்போனோடு விட்டுக்கொண்டிருக்கிறான். அது கஷ்டமான வழி.

அப்புறம், எறிய முடியாத தூண்டுதல்கள்தான் அதிகம். சாயங்காலம் ஆறு மணி ஒரு தூண்டுதல். பரீட்சை முடிந்த வெறுமை ஒரு தூண்டுதல். கையில் திடீரென்று காசு இருப்பது, தூங்காத ராத்திரி, ஒரு குறிப்பிட்ட பாட்டு, செல்போனில் வந்து விழும் பழைய போட்டோ, எல்லாம். நான் பல வீடுகளில் பார்த்து வருத்தப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பல பிள்ளைகளுக்கு வீட்டுச் சண்டையே பலமான தூண்டுதலாக இருந்திருக்கிறது. அப்பா கத்துவார், இவன் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்ப் பிடிப்பான். நூறு தடவை இப்படி நடந்திருந்தால், பழக்கத்தை விட்ட பிறகும் அதே குரல், அதே சந்தேகப் பார்வை, பையைச் சோதிக்கும் சத்தம், இவையெல்லாம் பைக் சத்தத்தின் வேலையையே செய்யும். அவன் விழுந்துவிடக் கூடாது என்ற பயத்தில் நாம் செய்வதே அவனைத் தள்ளிவிடும். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பயந்துபோன பெற்றோர் சோதிக்கத்தான் செய்வார்கள். ஆனால் வீட்டில் உள்ளவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

இன்னொரு தவறும் நடக்கிறது. "அதைப் பார்த்தும் தொடாமல் இருக்கிறானா பார்க்கலாம்" என்று சோதித்துப் பார்ப்பது. அடையாளங்களைத் திரும்பத் திரும்பக் காட்டி, போதை மட்டும் வராமல் செய்தால் மூளை மறந்துவிடும் என்ற எண்ணத்தில் ஒரு சிகிச்சை முறையே இருந்தது. 2002-இல் அந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. காரணம், பழைய பாடம் அழிவதில்லை. அதற்கு மேலே "இங்கே, இப்போது அது வராது" என்று புதுப் பாடம் ஒன்று எழுதப்படுகிறது. சிகிச்சை அறையில் எழுதிய புதுப் பாடம் தெருமுனையில் செல்லாது. இளம் எலிகளில் செய்த ஆய்வில், பழைய முடிச்சு தளர வளர்ந்த எலிகளைவிட அதிகத் தடவை தேவைப்பட்டது, பிறகு மீண்டும் தலைதூக்குவதும் பலமாக இருந்தது. எலிக்கும் பிள்ளைக்கும் தூரம் உண்டுதான், ஆனாலும் வீட்டில் இப்படிச் சோதனை வைக்காமல் இருக்க இது போதுமான காரணம்.

என்ன செய்யலாம் என்றால், தவிப்பு வரும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் தயாராக இருப்பதுதான். அது அலை மாதிரி எழும், உச்சத்துக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் நிமிடக் கணக்கில்தான் உச்சம் நிற்கும். "இது போகவே போகாது" என்ற பயம்தான் பிள்ளைகளைத் தோற்கடிக்கிறது. அமைதியான ஒரு நேரத்தில், தவிப்பு இல்லாதபோது, அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்த நேரம், எந்த ஆள், எந்த மனநிலை என்று அவனே சொல்லட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு செயல் முன்கூட்டியே தீர்மானமாகட்டும்: பைக் சத்தம் கேட்டால் செல்போனை வைத்துவிட்டு அக்கா இருக்கும் அறைக்கு வருவது, கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழகி வைத்திருப்பது. சூடான நேரத்தில் யோசிக்க வேண்டிய வேலையைக் குறைப்பதுதான் நோக்கம். வந்ததும் அறிவுரை வேண்டாம். "எவ்வளவு இருக்கு, பத்துக்கு எத்தனை?" என்று கேளுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி கேளுங்கள். எண் இறங்குவதை அவனே பார்க்க வேண்டும். இந்த எண் கேட்கும் முறை என் அனுபவத்தில் வந்தது, எல்லோருக்கும் பலிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். தூக்கமும் வேளைக்குச் சாப்பாடும் சாதாரணமாகத் தெரியும், ஆனால் தூங்காத பிள்ளையிடம் எந்தத் திட்டமும் நிற்காது.

தவிப்பு வாரத்தில் பல நாள் வந்தாலோ, தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ, யாரோ பேசுவது போலக் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சொன்னாலோ, உயிரை விடுவது பற்றிப் பேசினாலோ உடனே மனநல மருத்துவரிடம் போங்கள். அது ஆலோசகரோடு நிற்கும் விஷயம் இல்லை. இதைப் படிக்கும் வேறு யார் வீட்டிலாவது ஹெராயின் அல்லது வலி மாத்திரைப் பழக்கம் இருந்தால் ஒரு கூடுதல் எச்சரிக்கை: விட்டுச் சில வாரம் ஆனதும் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும், பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்று உயிர் போகலாம். புது இடத்தில் எடுத்தால் ஆபத்து இன்னும் கூடுதல், ஏனென்றால் பழைய சூழலின் அடையாளங்கள் உடம்பை முன்கூட்டியே தயார்ப்படுத்தும் வேலையையும் செய்துகொண்டிருந்தன. ஷெப்பர்ட் சீகல் என்ற ஆய்வாளர் 1982-இல் எலிகளில் இதைக் காட்டினார். ஒரே அளவு ஹெராயினில், பழகிய இடத்தில் இறந்தவை சுமார் 32 சதவீதம், புது இடத்தில் 64 சதவீதம்.

எப்போது முழுசாகப் போகும் என்பதற்குத் தேதி சொல்ல முடியாது. அந்தப் பைக் சத்தம் அவனுக்கு ரொம்ப நாளைக்கு வெறும் பைக் சத்தமாக இருக்காது. ஆனால் ஒவ்வொரு தடவை அது கேட்டு, அவன் உங்கள் அறைக்கு வந்து, அலை இறங்கி, தூங்கப் போகும்போதும், அதே தெருவில், அதே வீட்டில் புதுப் பாடம் ஒரு வரி கூடுகிறது. போன வாரம் ஒரு வரி எழுதியாகிவிட்டது. இன்றைக்கு அவனிடம், "அன்னிக்கு நீ வந்து சொன்னியே, அது எனக்குப் பெரிய விஷயம்டா" என்று மட்டும் சொல்லுங்கள்.